நிறமாலை வரைபடத்தில் முகடுகளுக்கும் அகடுகளுக்கும் எண் போடுவது: எதைக் குறிப்பது, எதை விடுவது?

பட்டகம் · திங்கள், இரவு 9.12

வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினக் கண்காட்சிக்காக என் பிளஸ் டூ பிள்ளைகளோடு சேர்ந்து ஒளியைப் பிரித்து அளக்கும் ஒரு நிறமாலைமானி செய்திருக்கிறோம். கறுப்புத் தாள் ஒட்டிய அட்டைப் பெட்டி, இரண்டு சவர பிளேடுகளை நெருக்கி வைத்த பிளவு, மேல்பூச்சை உரித்த டிவிடித் துண்டு, ஒரு வெப்கேம். அவ்வளவுதான். ஒரு பிக்சலுக்கு சுமார் 0.35 நானோமீட்டர் வருகிறது. ஒரு மெல்லிய வரி (ஒரே அலைநீளத்தில் வரும் ஒளி) 2 நானோமீட்டர் அகலத்தில் தெரிகிறது.

சிஎஃப்எல் விளக்கு (கூல் டேலைட் வகை), வெள்ளை எல்இடி, ஜன்னல் வழியே வரும் பகல் ஒளி ஆகிய மூன்றையும் பைத்தானில் வரைந்துவிட்டோம். சிக்கல் இனிமேல்தான். முகடுகளுக்கு எண் போட சைபை என்ற பைத்தான் நூலகத்தில் உள்ள ஃபைண்ட்_பீக்ஸ் செயல்கூறைப் பயன்படுத்தினேன். அகடுகளுக்கு, தரவை எதிர்க்குறியாக்கி அதே செயல்கூறையே ஓட்டினேன். சிஎஃப்எல்லில் மட்டும் 61 முகடு, 60 அகடு. எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வரைபடமே தெரியவில்லை. ஒவ்வொரு எண்ணும் 435.8333 என்கிற மாதிரி நீளம்.

அளவுதிருத்தத்துக்கு (எந்தப் பிக்சல் எந்த அலைநீளம் என்று கணக்கிட) பாதரசத்தின் 435.8, 546.1 நானோமீட்டர் வரிகள் இரண்டையும் வைத்து ஒரு நேர்கோடு போட்டேன். அப்புறம் பன்னிரண்டு தனிமங்களின் வரிகளை ஓர் அட்டவணையாக்கி, அருகில் இருக்கும் வரியின் பெயரை நிரலே எழுதும்படி செய்தேன். 588.6 என்று வந்த ஒரு சிறிய முகட்டில் அது சோடியம் என்று எழுதியது. சிஎஃப்எல்லில் சோடியம் ஏன்? பகல் ஒளியில் 494, 577 என்று இரண்டு பெரிய அகடுகள் வருகின்றன. எந்தப் புத்தகத்திலும் அந்த எண்களைக் காணோம்.

இன்னொன்று. பெயர்களைத் தமிழில் போட ஆசை. பாதரசம் சரியாக வருகிறது. சோடியம், டெர்பியம் இரண்டும் உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது.

சுவரில் ஒட்டப்போகும் படம். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் கற்பார்கள். தப்பாக ஒரு பெயர் போய்விடக் கூடாது.


புள்ளியும்_கோடும் · திங்கள், இரவு 10.05

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது எழுதுகிறேன்.

61 முகடு வருவதில் செயல்கூறின் தவறு எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் தன்னைவிடச் சிறிய மதிப்பு இருந்தால், அதன் கணக்கில் அது முகடு. இரைச்சலின் ஒவ்வொரு நடுக்கமும் அந்த விதிக்குள் வந்துவிடும். பலர் உடனே உயரத்துக்கு ஒரு வரம்பு வைப்பார்கள். அது போதாது. பெரிய முகட்டின் சரிவில் இருக்கும் சிறு நடுக்கம்கூட உயரத்தில்தான் இருக்கும்.

ப்ராமினன்ஸ் என்று ஓர் அளவுரு இருக்கிறது, நான் அதை எழுச்சி என்று சொல்லிக்கொள்வேன். தொட்டபெட்டா 2,637 மீட்டர். அங்கிருந்து அதைவிட உயரமான ஆனைமுடிக்கு (2,695 மீட்டர்) நடந்தே போக வேண்டும் என்றால், நீலகிரியை விட்டுக் கோவைப் பக்கத்துச் சமவெளி வரை இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த இறக்கம்தான் தொட்டபெட்டாவின் எழுச்சி. அதே மலையுச்சியில் கிடக்கும் ஒரு பாறையும் கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து இரண்டு மீட்டர் இறங்கினால் போதும், அதைவிட உயரமான இடத்துக்கு ஏறிவிடலாம். பாறைக்கு உயரம் உண்டு, எழுச்சி இல்லை. உங்கள் 61இல் பெரும்பாலானவை அந்தப் பாறைகள்.

எவ்வளவு எழுச்சி இருந்தால் ஏற்பது? ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். பிளவை மூடி இருட்டில் படம் எடுத்து, அதன் திட்டவிலக்கத்தைக் கணக்கிடுங்கள். அதைப்போல் ஐந்து மடங்கை வரம்பாக வையுங்கள். 64 சட்டங்களை (வெப்கேம் எடுக்கும் தனித்தனிப் படங்களை) சராசரி எடுத்தால் இரைச்சல் எட்டில் ஒரு பங்காகும், வரம்பையும் அதற்கேற்பக் குறைக்கலாம். டிஸ்டன்ஸ் என்ற அளவுரு (இரு முகடுகளுக்கு நடுவே இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி) நானோமீட்டரில் அல்ல, புள்ளி எண்ணிக்கையில். உங்கள் கருவியில் 2 நானோமீட்டர் என்றால் ஆறு புள்ளி.

வழவழப்பாக்க வேண்டும் என்றால் சாவிட்ஸ்கி-கோலே முறை (1964இல் வந்தது) சாதாரண நகரும் சராசரியைவிட நல்லது, முகட்டின் உயரத்தை அவ்வளவாகக் கெடுக்காது. ஆனால் சன்னலை (ஒரு தடவையில் சேர்த்துக்கொள்ளும் புள்ளிகளின் எண்ணிக்கையை) அகலமாக்கினால் 542, 546 இரண்டும் ஒன்றாகிவிடும். நானாக இருந்தால் வழவழப்பாக்காமல் சட்டங்களைக் கூட்டுவேன்.


பட்டகம் · செவ்வாய், மாலை 6.30

மிக்க நன்றி. 64 சட்டம் சராசரி எடுத்து, எழுச்சி வரம்பும் வைத்தேன். 61 இப்போது 11 ஆகிவிட்டது. மலை உதாரணத்தை வகுப்பிலேயே சொன்னேன், எல்லோருக்கும் புரிந்தது. மீதி இருப்பவை: 405.4, 435.8, 486.8, 542.2, 546.1, 578.7, 588.6, 594.6, 601.0, 613.4, 633.7. சோடியம் மட்டும் இன்னும் அங்கேயே நிற்கிறது.


பழைய_ஆய்வகம் · செவ்வாய், இரவு 8.48

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முப்பது வருடம் நிறமாலைமானிகளோடு இருந்தவன். உங்கள் பட்டியலைப் பார்த்ததும் கண்ணில் பட்டது 613.4. சிஎஃப்எல்லின் பெரிய சிவப்பு முகடு 611.6இல் இருக்க வேண்டும். 405.4உம் 404.7ஆக இருக்க வேண்டும். நடுவில் இருப்பவை சரி, இரண்டு கோடியிலும் எண் கூடுகிறது. இது நேர்கோட்டின் குறை. கீற்றணி (இங்கே உங்கள் டிவிடித் துண்டு) கோணத்தின் சைன் கணக்கில்தான் ஒளியை விரிக்கும், கேமராவின் தளமோ தட்டை. அதனால் பிக்சலுக்கும் அலைநீளத்துக்கும் உள்ள உறவு லேசாக வளையும். 404.7, 435.8, 546.1, 611.6 நான்கையும் வைத்து இருபடிக் கோவை ஒன்று பொருத்துங்கள்.

அதற்கு முன் ஒன்று பாருங்கள். 546, 611 இரண்டின் உச்சியும் தட்டையாக இருக்கிறதா? கேமராவின் மதிப்பு 255ஐத் தொட்டுவிட்டால் முகட்டின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட தலையின் நடுப்புள்ளியைத்தான் ஃபைண்ட்_பீக்ஸ் சொல்லும். பக்கத்தில் 542 ஒட்டிக்கொண்டிருக்கும்போது அந்த நடு உண்மையான நடு அல்ல. ஒளிபடும் நேரத்தைக் கைமுறையில் குறைத்து, 200க்குள் வைத்து எடுங்கள். தானியங்கி வெளிச்ச அமைப்பை அணைத்துவிடுங்கள்.

முக்கியமான இன்னொன்று. அளவுதிருத்தத்துக்குப் பயன்படுத்திய நான்கு முகடுகளிலும் உங்கள் கருவி எதையும் அளக்கவில்லை. அந்த எண்களை நீங்கள்தான் கொடுத்தீர்கள். வரைபடத்தில் அவற்றுக்கு உள்ளீடற்ற முக்கோணமும், மற்றவற்றுக்கு நிரப்பிய முக்கோணமும் போடுங்கள். படம் பார்ப்பவருக்கு எது கொடுத்தது, எது கிடைத்தது என்று தெரிய வேண்டும். இதைச் செய்யாத வரைபடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தப்பட்டிருக்கிறேன்.


பட்டகம் · புதன், இரவு 7.55

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. 546இன் தலை வெட்டுப்பட்டிருந்தது. வெளிச்சத்தைக் குறைத்து, நான்கு புள்ளி வைத்துப் பொருத்தினோம். இப்போது 487.6, 542.4, 578, 593.4 என்று அழகாக வருகின்றன.

ஆனால் 588.6 என்பது 587.6 ஆகிவிட்டது. உடனே என் நிரல் சோடியத்தை எடுத்துவிட்டு ஹீலியம் என்று எழுதிவிட்டது! சிஎஃப்எல்லுக்குள் ஹீலியம் அடைப்பார்களா?


விண்வரி · புதன், இரவு 9.20

அடைப்பதில்லை. வழக்கமாக உள்ளே இருப்பது ஆர்கானும் துளி பாதரசமும். ஆனால் நீங்கள் இந்த மூன்று நாளில் கடந்து வந்த பாதை எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தருகிறது. வானியல் ஆர்வலன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். பிரான்சிலிருந்து வந்த ஜான்சன் குண்டூரில் இருந்தார். சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். இரண்டும் அன்றைய சென்னை மாகாணம்தான். சூரியனின் விளிம்பில் எழும் தழல்களின் ஒளியில் மஞ்சளாக ஒரு பிரகாசமான வரி தெரிந்தது. மஞ்சள் வரி என்றால் சோடியத்தின் டி வரி என்று நினைப்பதுதான் இயல்பு. அப்படியேதான் பலர் நினைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர் கிரகணம் இல்லாமலேயே அந்த வரியைப் பார்த்து, அது 589.0இலும் இல்லை, 589.6இலும் இல்லை, கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்று உறுதி செய்தார். அதுதான் டி3, 587.6. ஹீலியம் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. பூமியில் அதே வரியை 1895இல் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து வந்த வாயுவில் கண்டார்.

ஒரு நானோமீட்டருக்குச் சற்று அதிகமான வித்தியாசம், ஒரு புதுத் தனிமம். அளவுதிருத்தம் செய்ததும் உங்கள் நிரலும் சோடியத்திலிருந்து ஹீலியத்துக்கு நகர்ந்திருக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டு பெயருமே தவறு. அது யூரோப்பியம். குழாயின் உட்சுவரில் பூசியிருக்கும் ஒளிர்பொருளில் சிவப்பு தருவது யூரோப்பியம் கலந்த இட்ரியம் ஆக்சைடு. அதன் பெரிய முகடுதான் 611.6. கூடவே 587.6, 593, 599, 631 என்று சின்னச் சின்னதாக வரும். பச்சை 542, 487 இரண்டும் டெர்பியம். உங்கள் அட்டவணையில் யூரோப்பியம் இல்லை போலிருக்கிறது. அட்டவணையில் இல்லாத பெயரை நிரல் எப்படி எழுதும்? இருப்பவற்றுள் அருகில் இருப்பதை எழுதிவிட்டது.

அதனால் என் வழக்கம் இது. ஒற்றை முகட்டை வைத்துப் பெயர் சொல்வதில்லை. ஹீலியம் என்றால் 667.8, 501.6, 447.1 எங்கே என்று கேட்பேன். உறவினர் ஒருவர்கூட வராமல் ஒருவர் மட்டும் கல்யாணத்துக்கு வந்திருந்தால், அவர் அந்தக் குடும்பம்தானா என்று விசாரிக்க வேண்டும். யூரோப்பியத்துக்கு உங்கள் படத்தில் ஐந்து பேரும் வந்திருக்கிறார்கள்.

அட்டவணையைத் தேடவும் ஒரு வரம்பு வையுங்கள். பிழை வரம்பான அரை நானோமீட்டருக்குள் ஒரே ஒரு பொருத்தம் கிடைத்தால், அதன் துணை வரிகளையும் சரிபார்த்து எழுதட்டும். இரண்டு கிடைத்தால் கேள்விக்குறி போடட்டும். எதுவுமே இல்லையென்றால் எண் மட்டும் போதும்.


கேபிஆர்_வில்லை · புதன், இரவு 11.02

வேதியியல் ஆராய்ச்சி மாணவி. விண்வரி அண்ணா சொன்னதை அகச்சிவப்புப் பக்கத்திலிருந்து வழிமொழிகிறேன், எனக்கே நடந்தது.

எங்கள் படங்களில் ஒளி ஊடுருவும் சதவீதத்தை வரைவதால் முகடுகள் தலைகீழாக இருக்கும். மூலக்கூறு ஒளியை விழுங்கும் இடம் பள்ளமாகத் தெரியும். ஆனாலும் பேச்சில் அதைப் பீக் என்றுதான் சொல்வோம். அதனால் நிரலில் எதிர்க்குறி போடும்போது எது முகடு, எது அகடு என்று பெயர் மாறிக் குழப்பம் வரும். அச்சும் அலைநீளத்தில் அல்ல, அலை எண்ணில் (ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை) இருக்கும், இடமிருந்து வலமாக 4000இலிருந்து 400க்கு இறங்கும்.

முதல் வருடத்தில் நான் எண் போட்ட ஒரு படத்தில் 2360, 2340 என்று ஓர் இரட்டைப் பள்ளம் இருந்தது. என் சேர்மத்தில் ஏதோ புதுப் பிணைப்பு என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன். அது அறைக் காற்றில் இருந்த கார்பன் டை ஆக்சைடு. பின்னணியை எடுத்ததற்கும் மாதிரியை எடுத்ததற்கும் நடுவில் நான் கருவியின் மூடியைத் திறந்து வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், என் மூச்சும் அதில் சேர்ந்திருக்கும். அதேபோல் 3400இலும் 1640இலும் அகலமாக வருவது பல நேரம், சேர்மத்தைக் கலந்து அழுத்தும் பொட்டாசியம் புரோமைடு வில்லை இழுத்துக்கொண்ட ஈரம். சேர்மத்தின் ஹைட்ராக்சில் என்று அதற்குப் பெயர் எழுதிவிடுவது மிகச் சுலபம்.

அதிலிருந்து, பெயர் எழுதும் முன் சேர்மம் கலக்காத வெற்று வில்லையை ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். அதிலும் அதே பள்ளம் இருந்தால் அது என் சேர்மத்தினுடையது அல்ல. பட்டகம் ஐயா, உங்கள் 494, 577க்கும் இப்படி ஒரு வெற்று வில்லை வேண்டும் என்று தோன்றுகிறது.


பழைய_ஆய்வகம் · வியாழன், காலை 6.15

தங்கை சொல்வது சரியான யோசனை. வெற்று வில்லை உங்களுக்கு மிகச் சுலபமாகக் கிடைக்கும்: பழைய குண்டு பல்பு. சூடான டங்ஸ்டன் இழையின் ஒளியில் வரியும் கிடையாது, பள்ளமும் கிடையாது. நீலத்தில் குறைந்து சிவப்பை நோக்கிச் சீராக ஏறும். அதில் ஏதாவது அகடு தெரிந்தால் அது முழுக்க முழுக்க உங்கள் கேமராவினுடையது.


பட்டகம் · வியாழன், இரவு 8.10

ஒரு பெட்டிக் கடையில் 60 வாட் பல்பு ஒன்று மிச்சம் இருந்தது. போட்டுப் பார்த்தோம். 494, 577 இரண்டும் அச்சு அசலாக அதிலும் இருக்கின்றன!


புள்ளியும்_கோடும் · வியாழன், இரவு 8.41

வெப்கேமின் ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஏதோ ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. நீலம் குறைந்து பச்சை எழும் இடத்தில் ஒரு பள்ளம், பச்சை குறைந்து சிவப்பு எழும் இடத்தில் இன்னொரு பள்ளம். மூன்றையும் கூட்டினாலும் அது மறையாது. பகல் ஒளியின் தரவைப் பல்பின் தரவால் வகுத்துவிடுங்கள், இரண்டிலும் பொதுவானது போய்விடும்.

இதன் இன்னொரு விளைவையும் கவனியுங்கள். பாதரசத்தின் 577, 579 முகடு சரியாக அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அதன் உயரம் உண்மையைவிடக் குறைவாகத்தான் தெரியும். வகுக்காத படத்தில் அலைநீளத்தை மட்டும் எழுதுங்கள். எந்த வரி எதைவிட வலிமையானது என்று அந்தப் படத்தை வைத்துப் பேசாதீர்கள்.


விண்வரி · வியாழன், இரவு 9.30

பகல் ஒளியில் இனி என்ன மிஞ்சும் என்பதைச் சொல்கிறேன். 1814இல் ஃபிரான்ஹோஃபர் எழுத்துப் பெயர் கொடுத்த கருப்பு வரிகள். ஐநூற்றுக்கு மேற்பட்ட வரிகளை அவர் வரைந்தார், பெயர் கொடுத்ததோ விரல் விட்டு எண்ணக்கூடிய சிலவற்றுக்குத்தான். உங்கள் 2 நானோமீட்டர் கருவியில் எதிர்பார்க்கக்கூடியவை: 431 அருகே ஜி, 486.1இல் எஃப் (ஹைட்ரஜன்), 517 அருகே மக்னீசியத்தின் மூன்று வரிகள் ஒன்றாகச் சேர்ந்து, 527இல் இ (இரும்பு), 589இல் டி (சோடியம்), 656.3இல் சி (ஹைட்ரஜன்). ஏ, பி இரண்டும் 759, 687இல் இருக்கின்றன. அவை சூரியனில் உண்டானவை அல்ல, நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றின் ஆக்சிஜன். உங்கள் வெப்கேமில் அகச்சிவப்பு வடிகட்டி இருந்தால் சிவப்பின் கோடியை அது வெட்டிவிடும், அவை தெரிவது கஷ்டம்.

இந்த அகடுகளைக் கண்டுபிடிக்க வெறும் தரவை எதிர்க்குறியாக்கினால் போதாது. ஒரு பள்ளம் சரிவான பாதையில் இருந்தால் அதன் மிகத் தாழ்ந்த புள்ளி சரிவின் கீழ்ப்பக்கமாக நகர்ந்து தெரியும். முதலில் பள்ளங்களைத் தவிர்த்து மேலே ஒரு வழவழப்பான கோடு போட்டு, அதால் வகுத்து, தரையைச் சமமாக்குங்கள். பிறகு தேடுங்கள்.


பட்டகம் · வெள்ளி, இரவு 7.20

வகுத்தோம், சமமாக்கினோம். ஆறில் ஐந்து கிடைத்தன. 527 மட்டும் இரைச்சலிலிருந்து பிரியவில்லை, அதை விட்டுவிட்டோம். 589.2 என்று ஓர் அகடு. இந்த முறை நிஜமாகவே சோடியம்! வகுப்பே கைதட்டியது.

ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "ஹீலியத்தைச் சூரியனில்தானே முதலில் கண்டார்கள்? அப்படியானால் பகல் ஒளியில் 587.6இல் ஏன் பள்ளம் இல்லை?"


விண்வரி · வெள்ளி, இரவு 8.02

அருமையான கேள்வி, அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ஒரு அணு 587.6 ஒளியை விழுங்க வேண்டுமானால், அதன் எலக்ட்ரான் ஏற்கெனவே அடிமட்டத்திலிருந்து சுமார் 21 எலக்ட்ரான் வோல்ட் மேலே ஏறி நிற்க வேண்டும். நாம் காணும் சூரியப் பரப்பு சுமார் 5,800 கெல்வின். அந்த வெப்பத்தில் அவ்வளவு உயரம் ஏறிய ஹீலியம் அணுக்கள் மிக மிக அரிது. சோடியம் அப்படி இல்லை, அடிமட்டத்தில் இருந்தபடியே 589ஐ விழுங்கும். அதனால்தான் ஹீலியத்தைவிடப் பல மடங்கு குறைவாக இருந்தும் சோடியம் பள்ளம் தோண்டுகிறது. ஹீலியத்தின் அந்த வரியைப் பார்க்க விளிம்பில் எழும் தழல்கள் தேவைப்பட்டன, அதற்குத்தான் கிரகணம்.


கேபிஆர்_வில்லை · வெள்ளி, இரவு 8.55

எல்இடி படத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நீல முகட்டுக்கும் மஞ்சள் மேட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்குமே, அதற்கு எண் உண்டா?


பழைய_ஆய்வகம் · வெள்ளி, இரவு 9.10

வேண்டாம் என்பேன். இரண்டு மேடுகளுக்கு நடுவில் பள்ளம் இருந்தே தீரும். சிஎஃப்எல்லில் 542க்கும் 546க்கும் நடுவில்கூட ஒரு பள்ளம் இருக்கிறது. அது விளக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பிளவு எவ்வளவு குறுகல் என்பதை மட்டும் சொல்கிறது. உமிழ்வு நிறமாலையில் முகடு ஒரு பொருளின் கையெழுத்து. அகடு வெறும் இடைவெளி.


கேபிஆர்_வில்லை · வெள்ளி, இரவு 9.34

542, 546 விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன் ஐயா. எல்இடியில் ஏற்க முடியவில்லை. நீலச் சில்லு 450 பக்கத்தில் உமிழ்கிறது, சீரியம் கலந்த ஒளிர்பொருள் அந்த நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கிப் பச்சையிலிருந்து சிவப்பு வரை அகலமாக உமிழ்கிறது. நடுவில் 480 பக்கம் இரண்டுமே போதிய ஒளி தருவதில்லை. அந்த நீலப்பச்சைக் குறை இந்த விளக்கின் இயல்பு. எவ்வளவு நல்ல கருவியால் அளந்தாலும் அது அங்கேயே இருக்கும். பிளவைக் குறுக்கினால் 542, 546 பள்ளம் ஆழமாகும், எல்இடி பள்ளம் மாறாது. அதனால் அதற்கு எண் போடலாம்.


பழைய_ஆய்வகம் · சனி, காலை 6.40

இரவு யோசித்துப் பார்த்தேன். தங்கை சொல்வதுதான் சரி. கருவியை மாற்றினாலும் நிற்கும் அகடுக்கு எண் உண்டு என்று என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் பள்ளம் அகலமானது என்பதால் 481.3 என்று எழுத வேண்டாம். 480 என்று மட்டும் போதும்.

எண்ணின் நீளத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தனியாக நிற்கும் மெல்லிய முகட்டின் உச்சிப் புள்ளியோடு இரு பக்கப் புள்ளிகளையும் சேர்த்து ஒரு பரவளையம் பொருத்தினால், பிக்சலைவிட நுட்பமாக மையம் கிடைக்கும். உங்கள் கருவியில் ஒரு தசம இடம் வரை எழுதலாம். அதற்கு மேல் கூடாது. ஒட்டிக்கொண்ட வரிகளுக்குத் தசமமே வேண்டாம், 578 போதும்.

1909இல் கொடைக்கானலில் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வரிகள் நகர்வதைக் கண்டு, வாயு வெளிநோக்கி ஓடுகிறது என்று சொன்னார். நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகம் என்றால், 600 நானோமீட்டர் பக்கத்தில் அந்த நகர்வு 0.004 நானோமீட்டர்தான். மூன்றாம் தசம இடத்தை எழுத அவருக்கு உரிமை இருந்தது, அதற்கேற்ற கருவியும் உழைப்பும் இருந்தன. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.


புள்ளியும்_கோடும் · சனி, காலை 10.25

இனி தாளில் எப்படி வைப்பது என்பதைப் பார்க்கலாம். எண்களை 90 பாகை திருப்பி நிற்கவையுங்கள், அகலம் மிச்சமாகும். மேல் அச்சின் எல்லையைக் கால் பங்கு கூட்டி மேலே இடம் விடுங்கள். ஒவ்வொரு முகட்டின் தலைக்கும் சற்று மேலிருந்து ஒரு சிறிய செங்குத்துக் கோடு, அதன் உச்சியில் எண். 542, 546 போல நெருங்கியவற்றில் கோட்டைச் சாய்த்து ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளுங்கள். 593, 599 இரண்டும் ஒரே பொருளின் வரிகள் என்பதால், 587.6 முதல் 631 வரை மேலே ஒரு நீண்ட அடைப்பு போட்டு யூரோப்பியம் என்று ஒரே ஒரு தடவை எழுதலாம். பெயர்களில் பாதி குறைந்துவிடும். எழுத்துகளுக்கு ஒளியின் நிறத்தையே கொடுக்க ஆசை வரும். மஞ்சள் எழுத்து வெள்ளைத் தாளில் தெரியாது, எல்லாம் கறுப்பிலேயே இருக்கட்டும். அகடின் எண் கீழே.

தமிழ் உடைவதற்குக் காரணம், நீங்கள் வைத்திருக்கும் மேட்ப்ளாட்லிப் (பைத்தானில் வரைபடம் வரையும் நூலகம்) எழுத்துகளைக் கணினியில் இருக்கும் வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறது. "டெ" என்பதில் முதலில் ட, பிறகுதான் கொம்பு சேமிக்கப்பட்டிருக்கும். கொம்பை முன்னால் நகர்த்தும் வேலையை அது செய்வதில்லை. பாதரசத்தில் கொம்பே இல்லாததால் தப்பித்தது. வழி இருக்கிறது: படத்தை எஸ்விஜியாகச் சேமியுங்கள். சேமிக்கும்போது எழுத்தை வடிவமாக மாற்றாமல் எழுத்தாகவே வைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கோப்பை உலாவியில் திறந்தால் உலாவி தமிழைச் சரியாகக் கோத்துக் காட்டும். அங்கிருந்தே அச்சிடலாம்.


பட்டகம் · ஞாயிறு, மாலை 5.45

தமிழ் சரியாகிவிட்டது. மூன்று படங்களும் தயார். சிஎஃப்எல்லில் 11 எண்கள், நான்கு உள்ளீடற்ற முக்கோணங்கள், பெயர்கள் மூன்றே மூன்று: பாதரசம், டெர்பியம், யூரோப்பியம். 435.8க்குக் கீழே, ராமன் தன் சோதனைகளில் பயன்படுத்திய பாதரச வரி என்று பிள்ளைகள் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறார்கள். பகல் ஒளியில் ஐந்து அகடுகள். எல்இடியில் இரண்டு முகடும் 480 என்ற ஓர் அகடும். வகுக்காத குண்டு பல்புப் படத்தையும் பக்கத்திலேயே ஒட்டுகிறோம், கேமராவின் இரண்டு பள்ளங்களை அம்புக்குறியிட்டு.

ஒன்று மட்டும் மீதி. ஹீலியம் பற்றிக் கேட்ட அதே மாணவி இன்று காட்டினாள்: சிஎஃப்எல் படத்தில் 435.8க்கு வலப்பக்கம் வளைகோடு தரைக்கு இறங்கவே இல்லை. 440இலிருந்து 480 வரை தாழ்வாக ஒரு மேடு. நிரல் அதைப் பிடிக்கவில்லை. பல்பின் தரவால் வகுத்த பிறகும் அது போகவில்லை, ஆகவே கேமராவின் வேலை அல்ல.


விண்வரி · ஞாயிறு, மாலை 6.20

அது நிஜம். பாதரச முகட்டின் தோளில் சாய்ந்திருப்பதால் அதற்குத் தனி உச்சி இல்லை, உச்சி இல்லாததை ஃபைண்ட்_பீக்ஸால் காண முடியாது. கண் கண்டுவிட்டது.

கூல் டேலைட் விளக்கில் நீலத்துக்கு இன்னொரு ஒளிர்பொருள் பூசுவார்கள். 450 பக்கம் அகலமாக உமிழும். அதிலும் யூரோப்பியம்தான், ஆனால் மூன்று எலக்ட்ரான் இழந்தது அல்ல, இரண்டு இழந்தது. மூன்று இழந்ததில் ஒளி உமிழும் எலக்ட்ரான்கள் உள்கூட்டில் மறைந்திருப்பதால், சுற்றியிருக்கும் படிகம் அவற்றை அவ்வளவாகத் தொடாது, வரிகள் மெல்லியதாக வரும். இரண்டு இழந்ததில் எலக்ட்ரான் வெளிக்கூடு வரை போய்த் திரும்புகிறது. படிகத்தின் அதிர்வெல்லாம் அதில் சேர்ந்து பட்டையாக விரியும்.

புள்ளி எண் போடாதீர்கள். 440 முதல் 480 வரை ஒரு கிடைக்கோடு இழுத்து, மேலே யூரோப்பியம் 2+ என்று எழுதுங்கள். சிவப்புப் பக்கத்து அடைப்பில் யூரோப்பியம் 3+ என்று திருத்துங்கள்.


பட்டகம் · ஞாயிறு, இரவு 7.05

திருத்திவிட்டோம். அந்தக் கிடைக்கோட்டை அவள் கையாலேயே இழுத்தாள்.